விருந்துக்கு யாரை அழைப்பது, எந்தப் பக்கத்திலிருந்து அழைப்பது?

எங்கள் வாசிப்புக் குழுவில் மாதம் ஒரு வீட்டில் விருந்து நடக்கும். அந்த மாதத்து வீட்டுக்காரர் ஏதாவது ஒரு கதையிலிருந்து ஒருவரை விருந்தாளியாக அழைக்க வேண்டும். அவருக்கென்று ஓர் இடமும் ஒரு வாழை இலையும் உண்டு. அவர் சாப்பிடக்கூடியதைத்தான் அன்று சமைப்போம். வந்திருப்பவர்கள் விருந்தாளியிடம் கேள்வி கேட்பார்கள்; வீட்டுக்காரர் நூலில் உள்ளதை வைத்து அவருக்காகப் பதில் சொல்வார். எட்டுப் பேர் உட்கார்ந்தாலே நிரம்பிவிடும் சிங்கப்பூரின் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், வராத ஒருவருக்காக ஓர் இடத்தை ஒதுக்கி வைப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இந்த முறை முதல்தடவையாக விருந்து வைக்கப்போகும் மூன்று குடும்பங்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கின்றன. யாரை அழைப்பது? பிடித்தவர்கள் நிறைய, இடம் ஒன்றுதான். இதுவரை நாங்கள் வைத்த விருந்துகளிலும், வைக்க நினைத்துப் பேசி முடித்தவற்றிலும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

## முதலில் பார்க்க வேண்டியவை

பெரும்பாலோர் "எனக்கு யாரை ரொம்பப் பிடிக்கும்?" என்றுதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதைவிட முக்கியமான கேள்வி, அவர் கதையின் எந்தப் பக்கத்தில் இருக்கும்போது அழைக்கிறோம் என்பது. முதல் அத்தியாயத்தில் இருக்கும் ஆளும் கடைசி அத்தியாயத்தில் இருக்கும் ஆளும் ஒருவரே அல்லர். பக்கத்தைக் குறிக்காமல் அழைத்தால் பந்தியில் ஆளுக்கொரு திசையில் கேள்வி போகும். பதில் சொல்பவர் திணறிப்போவார்.

அடுத்தது சாப்பாடு. எந்தக் காலத்து ஆள், என்ன சாப்பிடுவார், எந்த நேரத்தில் சாப்பிடுவார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, முடிவு தெரிந்திருப்பது. அவருக்கு என்ன நடக்கப்போகிறது என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இதை வெளியே சொல்லாமல் பரிமாற நம் வீட்டாரால் முடியுமா? கடைசியாக, உங்கள் பந்தியில் உட்காரப்போவது யார்? என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் விட இதற்குத்தான் எடை அதிகம்.

## வந்தியத்தேவன்

பத்தில் ஏழு பேர் முதலில் சொல்லும் பெயர் இதுதான். கல்கி 1950இல் தொடராக எழுதத் தொடங்கிய பொன்னியின் செல்வனின் முதல் பக்கத்திலேயே இவன் குதிரைமேல் வந்துவிடுகிறான். ஆடிப் பதினெட்டு. வீரநாராயண ஏரிக்கரை. எழுபத்து நான்கு கணவாய்களிலும் புதுவெள்ளம் பாய்கிறது. ஊர் சனம் கூட்டாஞ்சோறும் சித்திரான்னமும் கட்டிக்கொண்டு வந்து கரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. அழைப்பதானால் அந்த மாலையில், அவன் கடம்பூர் மாளிகைக்குள் நுழைவதற்கு முன்னால் அழைத்துவிடுங்கள். அங்கே போன பிறகு அவன் மனம் விருந்தில் இருக்காது. கதையின் கடைசிக்கு வந்துவிட்டால் கடம்பூர் இளவரசி மணிமேகலையின் சாவு அவன் மடியிலேயே நடந்து முடிந்திருக்கும். அந்த வந்தியத்தேவனிடம் கலகலப்பை எதிர்பார்க்க முடியாது.

சாப்பாட்டில்தான் இவனால் வீட்டுக்காரருக்கு வேலை கூடுகிறது. கதை நடப்பது பத்தாம் நூற்றாண்டில். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி எதுவும் அப்போது நம் ஊரில் கிடையாது. எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்த்துகீசியர் வந்த பிறகு நமக்கு வந்தவை. புளியோதரைக்கு வற்றல் மிளகாய் இல்லை, கடலை இல்லை. சாம்பாருக்குத் தக்காளி இல்லை. மிளகு, புளி, எள், தேங்காய், தயிர், வெல்லம் இவற்றை வைத்தே ஒப்பேற்ற வேண்டும். எங்கள் குழுவில் ஒரு தம்பதி இப்படிச் செய்து பார்த்தார்கள். மிளகும் எள்ளும் வறுத்துப் பொடித்துப் போட்ட புளிச்சோற்றை நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இவன் பொருத்தம். கேள்வி கேட்க யாரும் கூச்சப்பட மாட்டார்கள். பேச்சு தானாக ஓடும். ஆனால் எல்லாருக்கும் தெரிந்தவன் என்பதால், நூலைப் படித்தவர்களும் படத்தைப் பார்த்தவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசத் தொடங்குவார்கள். கடைசியில் விருந்தாளியை விட்டுவிட்டு நடிகர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

## கண்ணகி

கண்ணகி என்றதும் கையில் சிலம்போடு நீதி கேட்டு நிற்பவளைத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து அவளை அழைக்கக் கூடாது. அப்போது அவளைச் சோறு உண்ண வா என்று கூப்பிட நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

நான் சொல்வது அதற்குச் சற்று முந்திய இடம், சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையின் தொடக்கம். மதுரைக்கு வெளியே ஆயர்பாடியில் மாதரி என்ற ஆயர்குலப் பெண் கொடுத்த புது வீடு, புதுப் பாத்திரங்கள். சமையலுக்கு வந்த பொருள்களை இளங்கோ வரிசையாகச் சொல்லிவிடுகிறார். பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, பால்படு பொருள்கள். இதைவிடத் தெளிவான சமையல் குறிப்பு எந்த விருந்தாளிக்கும் கிடைக்காது. கண்ணகி காய் நறுக்குகிறாள். விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண்ணும் சிவந்துபோகிறது. பனையோலைத் தவிசில் கோவலனை உட்காரவைத்து, தரையில் தண்ணீர் தெளித்துத் தன் கையால் தடவி, வாழைக்குருத்தை விரித்துப் பரிமாறுகிறாள்.

போன ஆண்டு எங்கள் வீட்டு விருந்து இதுதான். அம்மாவின் விருப்பம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்; சிலம்பை வானொலியிலும் மேடைப் பேச்சிலும் கேட்டே அறிந்தவர். தேக்கா ஈரச்சந்தையில் பலாக்காய் வாங்கினோம். நறுக்கிய காயே கிடைக்கும். அம்மா முழுக்காய்தான் வேண்டும் என்றார். வரவேற்பறையில் பழைய பேப்பரை விரித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த அரிவாள்மனையைப் போட்டு, கையிலும் அலகிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். எண்ணெயையும் மீறிப் பிசின் விரலில் ஒட்டியது. முக்கால் மணி நேரம் ஆனது. முடித்ததும் நான் அந்த வரியைப் படித்துக் காட்டினேன், 'மெல்விரல் சிவப்ப' என்று. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த விருந்தில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு சிக்கல் நேரம். கோவலனைச் சாவக நோன்பி, அதாவது சமண நெறியில் நிற்கும் இல்லறத்தான் என்று மாதரி குறிப்பிடுகிறாள். சமண இல்லறத்தார் பொழுது சாய்வதற்குள் உண்டுவிடுவார்கள். அதனால்தான் பகலில் சமைக்கப் பாத்திரம் கேட்கிறாள். சிங்கப்பூரில் ஆண்டு முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் மறைகிறது. அலுவலகம் முடிந்து வருகிறவர்கள் உட்காரும் நேரத்தில் கோவலன் கைகழுவியிருக்க வேண்டும். சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு இலை போட்டோம். பச்சை மாதுளங்காய் கிடைக்கவில்லை. பழத்து முத்துகளைத் தயிரில் போட்டோம்.

இன்னொன்றும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. கண்ணகியை உட்காரவைத்துப் பரிமாறுவதா, அவள் பரிமாறுவதாக வைத்துக்கொள்வதா? அந்தக் காதையிலேயே அவள் கோவலனிடம் ஒன்று சொல்கிறாள். அவன் பிரிந்திருந்த காலத்தில் அறவோருக்கு அளிப்பதையும் துறவோரை எதிர்கொள்வதையும், 'தொல்லோர் சிறப்பின் விருந்தெதிர் கோடலும் இழந்த என்னை' என்கிறாள். கணவன் போன துயரத்தைச் சொல்லும் இடத்தில், விருந்தினரை வரவேற்கும் பேறு போனதைச் சொல்கிறாள். இந்த வரிக்கு வரும்போதெல்லாம் என் குரல் தடுமாறும். இத்தனை காலம் விருந்து கொடுக்க முடியாமல் இருந்தவளைக் கையைக் கட்டி உட்காரவைக்கலாமா என்று தோழி ஒருவர் கேட்டார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அவ சமைச்சுக் களைச்சுப் போயிருக்கா. இன்னைக்கு உட்காரட்டும்" என்றார். இரண்டு இலை போட்டோம்.

சாப்பாடு நடக்கும்போது தோழியின் மகன், தொடக்கப்பள்ளி ஐந்தில் படிப்பவன், "சாப்பிட்டவுடனே அவர் சிலம்பை விக்கப் போயிடுவாரா?" என்று கேட்டான். பந்தி அமைதியானது. அம்மா எழுந்துபோய்க் கோவலனின் இலையில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார். "இன்னும் கொஞ்ச நேரம் உட்காரட்டும்" என்றார்.

கண்ணகியை அழைப்பவர்கள் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். வீட்டில் அண்மையில் துக்கம் நடந்திருந்தால் இந்த விருந்து வேண்டாம். மூத்தவர்கள் சமையலில் கைகொடுக்க முடிகிற வீட்டில், பெரியவர்கள் கூடும் பந்தியில், இதற்கு இணையான மாலை எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

## மணிமேகலை

அமுதசுரபி கையில் இருப்பவளை விருந்துக்கு அழைப்பது எளிது என்று நினைத்துவிடாதீர்கள். துறவு பூண்ட பிறகு அழைத்தால் இரவு உணவே கிடையாது. நண்பகலுக்குப் பின் உண்ணாதிருப்பது பௌத்தத் துறவியரின் நெறி. மதிய விருந்தாக மாற்ற வேண்டியிருக்கும்.

ஆனால் நம் ஊருக்கு இவளைப் போலப் பொருந்துகிறவர் இல்லை. கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி மேலே வருவது வைகாசி முழுநிலா நாளில், புத்தர் பிறந்த நாளில். சிங்கப்பூரில் விசாக தினம் பொது விடுமுறை. அவள் கடல் கடந்து சாவக நாட்டுக்கும் போனவள். இந்தச் சாவகம் ஜாவாத் தீவைத்தான் குறிக்கிறது என்பது பரவலான கருத்து. அப்படியானால் நாம் குடியிருக்கும் இந்தக் கடல்வட்டாரம் அவளுக்குப் புதிதல்ல.

அவளை அழைத்தால் விருந்து உங்கள் வீட்டுக்குள் நிற்காது. எவ்வளவு உண்டாலும் அடங்காத காயசண்டிகையின் யானைத்தீப் பசியை ஆற்றியவள், சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கியவள். 'உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே' என்ற வரி இருக்கும் காப்பியத்தின் தலைவி. "உங்கள் புளோக்கில் இன்று சாப்பிடாதவர் யார்?" என்றுதான் முதலில் கேட்பாள். அதனால் எட்டுப் பேருக்கு அல்ல, எண்பது பேருக்குச் சமைக்கத் துணிந்தவர்கள் அழையுங்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம் ஏற்கெனவே உள்ள வீடுகளுக்கு நான் வேறு யாரையும் சொல்ல மாட்டேன். ஒன்றை மறக்க வேண்டாம். அந்தப் பாத்திரத்தில் முதல் பிச்சையை இட்டவள் ஆதிரை. முதல் கரண்டியைப் போடும் மரியாதை உங்கள் வீட்டில் யாருக்கு என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

## பாண்டியன்

ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி 1972இல் வெளிவந்தது. மெடான், பினாங்கு, நடுவில் மலாக்கா நீரிணை, மேலே ஜப்பானிய ஆட்சி. இவ்வளவு பக்கத்தில் நடக்கும் தமிழ் நாவல் நம் வீடுகளில் இத்தனை குறைவாகப் பேசப்படுவது எனக்குத் தீராத வருத்தம். தோணி கரைசேர்ந்து நாவலின் நாயகன் பாண்டியன் பினாங்கில் இறங்கிய பிறகு அழையுங்கள்.

ஜப்பானியர் காலத்தைச் சிறுவயதில் பார்த்தவர்கள் இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், பாண்டியன்தான். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்த பின் இங்கே பலருக்குச் சோறாக இருந்தது மரவள்ளிக்கிழங்கு. அதை வேகவைத்துத் தேங்காய்ப்பூ தூவி வைத்தால் போதும். விருந்தாளியைவிட அந்தப் பெரியவர்தான் அதிகம் பேசுவார். பேசட்டும், ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள்.

மதுவும் இலக்கியச் சண்டையும் சேர்ந்துதான் இவன் பேச்சு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் பந்திக்கு ஆகாது. பேச்சு நள்ளிரவைத் தாண்டும், கடைசி ரயில் போய்விடும்.

## கந்தசாமிப் பிள்ளையும் கடவுளும்

ஒருவரை அழைத்தால் இருவர் வருவார்கள். புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சிறுகதை. சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் கந்தசாமிப் பிள்ளை யோசனையோடு நிற்கிறார். ஒரு கிழவர் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். அவர்தான் கடவுள். நம் ஊரிலும் எஸ்பிளனேட் இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் யாராவது தேக்காவுக்கு வழி கேட்பார்களா என்று என் கண் தேடும்.

சாப்பாட்டில் பெரிய கட்டுப்பாடு இல்லை. காப்பி மட்டும் கவனம். கதையில் காப்பியில் சிக்கரி கலந்திருப்பதைப் பற்றிப் பிள்ளை கடவுளுக்கு விளக்கமே சொல்கிறார். நம் கோப்பிக்கடைக் கோப்பிக்கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கிறார்கள். அதை அவர் முன்னால் வைத்தால் இரவு முழுவதும் அதுவே பேச்சாக இருக்கும். அதுவும் நல்ல பேச்சுதான். கையில் கொஞ்சம் பணமும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை தாம் நடத்தும் 'சித்த வைத்திய தீபிகை' பத்திரிகைக்குச் சந்தா கேட்காமல் எழுந்திருக்க மாட்டார். கடவுளிடமே இருபத்தைந்து ரூபாய் ஆயுள் சந்தா வாங்கியவர்.

முடிவின் பாரம் இந்தக் கதையில் லேசு. யாரும் சாவதில்லை. கடவுளுக்கு இந்த ஊர் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கதையில் நான் அழைக்கச் சொல்லும் இடம் காப்பிக் கடை அல்ல, பிள்ளையின் வீடு. அங்கே வள்ளி என்ற சின்னப் பெண் இருக்கிறாள். வந்தவர் யார் என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. தாத்தாவை விளையாடக் கூப்பிடுகிறாள். கடவுள் ஒற்றைக்காலை மடக்கி நொண்டியடித்துத் தாவுகிறார், தோற்றுப்போகிறார். கால் கரிக்கோட்டில் பட்டுவிட்டதாம். ஆட்டத்தின் விதி அவருக்குத் தெரியவில்லை. குழந்தைதான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

## இந்த ஆண்டு எங்கள் வீட்டில்

என் மகளுக்கு ஒன்பது வயது. தமிழ் அவளுக்கு நன்றாகவே புரியும். பேசச் சொன்னால் தலை கவிழ்ந்துவிடும். பிழையாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம். வகுப்பில் வாய்மொழித் தேர்வு வந்தால் முந்திய இரவு தூங்க மாட்டாள். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. அந்த எண்ணுக்குள் எங்கள் வீடும் இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன், ஆனால் அவள் எனக்குப் பதில் சொல்வது ஆங்கிலத்தில்.

அதனால் இந்த முறை விருந்தாளியை அவளுக்காகப் பார்த்தேன். வந்தியத்தேவன் கல்கியின் எழுத்துநடையில் பேசுவான். அவள் வாயே திறக்க மாட்டாள். கண்ணகி முன்னால் நானே தயங்கித்தான் பேசுகிறேன், அவள் என்ன பேசுவாள்? தனக்குத் தெரியாத ஒன்றை ஒரு குழந்தையிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற, தோற்றால் குழந்தை கைகொட்டிச் சிரிப்பதைப் பொறுத்துக்கொள்கிற விருந்தாளி என்று தேடினால், நம் இலக்கியத்தில் எனக்குக் கிடைத்தவர் புதுமைப்பித்தனின் கடவுள்.

அம்மாவுக்குக் கொஞ்சம் மனக்குறைதான். கடவுளைக் கிண்டல் செய்கிற கதை இல்லையா என்று கேட்டார். அந்தப் பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். நொண்டியடிக்கும் இடம் வந்ததும் சிரித்துவிட்டு, "சரி, வரட்டும். பருப்பும் நெய்யும் நான் பாத்துக்கிறேன்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசல் நடைபாதையில் ஒத்திகை பார்த்தார்கள். பாட்டிதான் கடவுள். மகள் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டாள். பாட்டி வேண்டுமென்றே, எனக்கு எதுவும் தெரியாது, எப்படி ஆடுவது என்று கேட்டார். மகள் ஆங்கிலத்தில் தொடங்கினாள். கடவுளுக்கு அது புரியாதே என்றார் பாட்டி. மகள் சற்று நேரம் நின்றாள். "ஒரு கால்... மேல வைக்கணும். அப்புறம் குதிக்கணும். கோடு தொட்டா, அவுட்." குதிக்கணும் இல்லை, நொண்டணும் என்று பாட்டி திருத்தினார். எங்கள் ஊரில் இந்த ஆட்டத்துக்குப் பாண்டி என்று பெயர் என்றும் சொன்னார். மகள் அந்த இரண்டு சொல்லையும் சொல்லிப் பார்த்தாள். பிறகு பாட்டியின் கால் கோட்டில் படுகிறதா என்று குனிந்து பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

இரவு அந்தக் கதைப் பக்கத்தைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள். "அம்மா, சாக் வேணாம். கதையில கரிக்கோடு." கரித்துண்டுக்குத் தேக்காவில் சொல்லி வைத்திருக்கிறேன். சனிக்கிழமைக்குள் வந்துவிடும்.